போதும் என்று நெய்தவள்

யெதேர் செத்து நூற்று நாற்பது வருடம் ஆகிறது என்று வியன்னாவில் அச்சான ஒரு புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். நேற்றுக் காலையில்தான் அவளுக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்தாள். செத்தவளுக்கு என்ன தாகம் பாருங்கள்!

புத்தகத்தில் அவள் பெயர் இல்லை. 'எழுத்தறியாத ஒரு கன்னிப்பெண்' என்றுதான் இருக்கிறதாம். பதினாலு வயது மகள் இருக்கிறவளைக் கன்னி என்கிறார்கள். படித்தவர்கள் சொன்னால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நான் ஸாத்து. கோன்யா பக்கம் கராகுயு ஊரில் கம்பளம் கழுவுகிறவள். எங்கள் பக்கம் பிள்ளை தங்காத வீட்டில் ஒன்று பிறந்தால், அதை ஒரு மகானின் அடக்கத்தலத்தில் விற்றுவிட்டதாகப் பேர்பண்ணி 'விற்றது' என்று பெயர் வைப்பார்கள். அதுதான் ஸாத்து. பெண்ணாகவே பிறந்து அலுத்துப்போன வீட்டில் கடைசிப் பெண்ணுக்குப் 'போதும்' என்று வைப்பார்கள். அதுதான் யெதேர். அவள் அவர்கள் வீட்டில் ஐந்தாவது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தண்ணீருக்குப் போனால் கிணற்றடியே சிரிக்கும். "வித்தது போதும், வீட்டுக்குப் போங்கடி!" என்பார்கள். அப்போது அவளும் சிரிப்பாள். சிரிக்கத் தெரிந்தவள்தான் அவள்.

ஜெலிலுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் தெருவுக்கு வந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. கல்யாணப் பதிவேட்டில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். ஜெலில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, அடுப்புக்கரியால் சுவரில் எழுதி, அவள் பெயரின் ஐந்து எழுத்தைச் சொல்லிக்கொடுத்தான். புது எழுத்து, ஐரோப்பாக்காரர்கள் எழுதுகிற அதே எழுத்து. பதிவேட்டில் அதை எழுதிவிட்டு வந்து என்னிடம் கையைக் காட்டினாள், ஏதோ மோதிரம் போட்டதுபோல. அந்த ஐந்தைத் தவிர வேறு ஓர் எழுத்து அவளுக்குத் தெரியாது. ஐந்து என்ன ஐந்து, அதிலும் ஒன்று இரண்டு தடவை வருகிறது.

இரண்டாம் வருடம் ஜெலில் கிணற்றில் தூர் வாரப்போய் மண் சரிந்து செத்தான். மடியில் எல்மாஸ், ஏழு மாதக் குழந்தை.

எங்கள் ஊரில் மவுத்து ஆனால், வீட்டில் இருக்கிற நல்ல கம்பளத்தை எடுத்துச் சவம் வைத்த சந்தூக்கின் மேல் போர்த்துவார்கள். அடக்கம் முடிந்த பிறகு அது வீட்டுக்குத் திரும்பாது. பள்ளிவாசலுக்குப் போய்விடும். ஜெலில் மேல் போர்த்தியது அவன் குடும்பத்தின் பழைய கம்பளம். நூற்றுமுப்பது வருடத்துச் சரக்கு. பெருநாளைக்குப் பெருநாள்தான் பெட்டியிலிருந்து வெளியே வரும். மேல் ஓரத்தில் நெய்த வருடம் பழைய அரபு எண்ணில் இருக்கும்.

ஜெலிலின் தம்பி நாஃபிஸ் அப்போதுதான் ஜெர்மனியில் இரண்டு வருடம் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தான். ஒரு டேப் ரிக்கார்டரும், கொஞ்சம் ஜெர்மன் பாஷையும், அந்த ஊர்க்காரர்கள் பழசென்றால் உயிரை விடுவார்கள் என்ற ஞானமும் கொண்டுவந்திருந்தான். அடக்கம் முடிந்து வந்ததும் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். இமாமிடம், "வருஷம் திரும்பட்டும் ஹோஜா, வருஷ ஃபாத்திஹா ஓதுற அன்னைக்கு என் கையால கொண்டுவந்து விரிக்கிறேன்" என்றான். இமாம் என்ன செய்வார், பாவம், தலையாட்டினார்.

வீட்டுக்குப் போய் யெதேரிடம் குழைந்தான். "அண்ணி, இது அண்ணன் தவழ்ந்த கம்பளம். குடுக்க மனசு வருமா? இதே மாதிரி ஒண்ணு நெய்யுங்க. புதுசைப் பள்ளிவாசலுக்குக் குடுப்போம், இது வீட்டுல இருக்கட்டும்."

புருஷன் பெயரைச் சொன்னால் அவள் மலையைக்கூடச் சுமப்பாள். தறியில் உட்கார்ந்துவிட்டாள்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. ஒரு கம்பளத்தைப் பார்த்து இன்னொன்று நெய்கிறபோது பழசை முதுகு தெரிகிற மாதிரி தொங்கவிடுவோம். முகத்தில் கம்பளி மயிர் மூடியிருக்கும், முடிச்சை எண்ண முடியாது. முதுகில் எண்ணலாம். பூவும் கொடியும் முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் ஒன்றுதான். எண் அப்படியா? முதுகில் இடவலம் மாறித்தானே தெரியும்! நாலு பெண்கள் சேர்ந்து நெய்தால் யாராவது ஒருத்தி, "அடியே, எண்ணைத் திருப்பிப் போடு" என்று தொடையில் கிள்ளுவாள். இவள் புருஷனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கிற இத்தாவில் இருந்தாள், தனியாக. கண்ணில் கண்டதைக் கண்டபடி நெய்தாள். வருடம் கண்ணாடியில் பார்த்ததுபோல் தலைமாறி வந்தது.

தறியிலிருந்து அறுத்து விரித்ததும் நாஃபிஸ் குதித்தான். "இதைக் கொண்டுபோய் விரிச்சா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்! ஒரு எண்ணைப் பாத்து நெய்யத் துப்பில்ல!" கோபத்தில் அதை ஆட்டுக்கொட்டகையில் எறிந்தான். ஆடுகள் மிதித்தன, மழை நனைத்தது, வெயில் காய்ச்சியது. அப்படியே மாதக்கணக்கில் கிடந்தது.

அடுத்த கோடையில் லிண்ட்னர் வந்தார். வியன்னாக்காரர். உயரம், வெள்ளைத் தொப்பி, கழுத்தில் தொங்குகிற பூதக்கண்ணாடி. நாஃபிஸ் பெட்டியைத் திறந்து பழைய கம்பளத்தை விரித்தான். அவர் ஓரத்தைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அது அவ்வளவு சுத்தமாக இருந்தது, நிறம் அவ்வளவு எடுப்பாக இருந்தது. "இது புதுசு" என்றாராம். நூற்றுமுப்பது வருடத்துக் கம்பளத்தை! எழுந்து போகிற வழியில் ஆட்டுக்கொட்டகையைப் பார்த்தார். பார்த்தவர் புழுக்கையில் அப்படியே முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் அங்கேதான் இருந்தேன். அந்தத் தலைமாறிய எண்ணின் மேல் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. நாஃபிஸ் எங்களுக்கு மொழிபெயர்த்தான்: "எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பொண்ணு, அது எண்ணுன்னே தெரியாம, அழகா இருக்குன்னு நெய்திருக்காளாம். இந்த வெகுளித்தனத்தை எவனாலும் போலியாச் செய்ய முடியாதாம்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். நிஜக் கம்பளம் பள்ளிவாசலுக்குப் போனது. இன்றைக்கும் அதன்மேல்தான் ஊர் தொழுகிறது. பொய்க் கம்பளம் வியன்னாவுக்குப் போனது. வாக்குத் தவறாதவன் என்று நாஃபிஸை இமாம் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்.

அன்றோடு என் சிரிப்பும் போயிற்று. யெதேரின் தப்புக்கு விலை உண்டு என்று நாஃபிஸுக்குத் தெரிந்துவிட்டதே! வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போடுகிற அறையைக் காலிசெய்து தறியை உள்ளே இறக்கினான். முற்றத்தைப் பார்த்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தான், மேலே காற்றுக்கு ஒரு துளை விட்டான். கம்பளம் பழசென்றால் நெய்தவள் செத்திருக்க வேண்டும் அல்லவா? அதனால் அவள் நெய்வது யாருக்கும் தெரியக்கூடாது. கேட்டவர்களிடம், "அண்ணிக்கு நெஞ்சு பலவீனம், வெளியே வரமாட்டாங்க" என்றான். விருந்தாளி முற்றத்தில் இருக்கிற நேரத்தில் ஊடையை அடித்து இறுக்குகிற இரும்புச் சீப்பின் சத்தம் கேட்கக்கூடாது. அதுதான் அந்த அறையின் சட்டம். அவர்கள் தேநீர் குடித்து, பேரம் பேசி, கிளம்பும்வரை அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அடைத்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் கம்பளத்தைப் புகழ்வார்கள். இந்தப் பக்கம் அவள் மூச்சை அடக்குவாள்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. பழசாக்குகிற வேலை என்னுடையது. தேயிலைத் தண்ணீரில் ஊறவைப்பேன், ரோட்டில் விரித்து டிராக்டர்களை ஏறவிடுவேன், ஆட்டுக்கொட்டகையில் போடுவேன். கூலி வாங்கினேன். அந்தக் கூலியில்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது. அல்லாஹ் என்னை என்ன கேட்பானோ கேட்கட்டும்.

ஒருநாள், "போடி, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உன் தம்பி வீட்டுக்குப் போயேன்" என்றேன்.

"போனேன் அக்கா. வாசல்லயே நிக்க வச்சுத் திருப்பி அனுப்பிட்டான். நாஃபிஸ் அவனுக்கு டிராக்டர் வாங்கிக் குடுத்திருக்கானாம்."

"போலீசு?"

அவள் விரல்களை விரித்துக் காட்டினாள். முடிச்சுப் போட்டுப் போட்டு நுனியெல்லாம் காய்த்திருந்தது. "அதையும் அவனே சொல்லிட்டான். 'நெய்த கை யாருதுன்னு ஜட்ஜு கேட்டா உங்க கையைத்தான் காட்டணும் அண்ணி. நீங்க உள்ள போயிடுவீங்க. எல்மாஸ் எங்க அண்ணன் ரத்தம், அவ இங்கதான் இருப்பா.' அண்ணி, அண்ணின்னு எவ்வளவு மரியாதை பாருங்க."

இப்படியே ஒன்பது வருடம்.

எல்மாஸ் கெட்டிக்காரி. அம்மாவின் கண், அப்பாவின் பிடிவாதம். ஐந்தாம் வகுப்புக்குப் போகிற சமயம் அவளுடைய ஆசிரியை ஷுக்ரான் என்னைத் தெருவில் பிடித்துக்கொண்டாள். விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்று கோன்யாவில் இருக்கிறது, சாப்பாடு படிப்பு எல்லாம் இலவசம், பரீட்சை எழுதினால் இவள் கண்ணை மூடிக்கொண்டு தேறுவாள் என்றாள். நான் ஓடிப்போய் யெதேரிடம் சொன்னேன். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஜெலில் போன பிறகு நான் பார்த்ததில்லை.

அதே வாரம் நாஃபிஸ் தறியின் பலகையை நீட்டினான். இரண்டு பேர் உட்காருகிற அளவுக்கு.

"அண்ணி ஒத்தையா எவ்வளவு கஷ்டப்படுறாங்க! பள்ளிக்கூடம் முடியட்டும், எல்மாஸ் துணைக்கு உக்காரட்டும். சின்ன விரலு, முடிச்சு நெருக்கமா விழும்" என்றான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

அடுத்த நாள் நான் கம்பளிக்கட்டோடு போனபோது தறியைப் பார்த்தபடி கேட்டாள்: "அக்கா, இது நேத்து நெய்ததுன்னு லிண்ட்னருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"அவன் குடியும் கெடும், உன் குடியும் கெடும்."

"எல்மாஸ் குடி?"

நான் கம்பளிக்கட்டை இறக்கி வைத்தேன். "தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சு அக்கா. இனி சாண் என்ன, முழம் என்ன" என்று சொல்லிவிட்டு முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

குளிர் வருமுன் அந்தக் கம்பளம் என் துவைகல்லுக்கு வந்தது. நனைத்து, திருப்பிப் போட்டு, முதுகில் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஒரு பூ, ஒரு கவட்டை. ஒரு பூ, ஒரு சீப்பு. சரி, புதுசாக ஏதோ வேலைப்பாடு செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு பூ, ஒரு சுத்தியல். மறுபடி சீப்பு. கடைசியில் கொண்டை வைத்த பறவை மாதிரி ஒன்று. பறவையைத் தலை சாய்த்துப் பார்த்தேன். கட்டை கையிலிருந்து நழுவித் தண்ணீரில் போயிற்று.

எழுத்து! கவட்டை Y, சீப்பு E, சுத்தியல் T, பறவை R, ஜெலில் சுவரில் கரியால் எழுதியபோது நானும் பார்த்த அதே எழுத்து. கீழிருந்து மேலே, ஒரு சாணுக்கு ஒன்றாக, அவள் பெயர். முகப்பக்கத்தில் எண்ணைப்போலவே தலைமாறி இருந்தது, முதுகில் நேராக இருந்தது. புது எழுத்து எங்கள் நாட்டுக்கு வந்தே ஐம்பது வருடம் ஆகவில்லை. நூற்று நாற்பது வருடத்துக் கம்பளத்தில் அது எப்படி வரும்? வாசிக்கத் தெரிந்தவன் ஒருத்தன் முதுகைப் புரட்டினால் போதும், நாஃபிஸ் முடிந்தான். தன் பெயரைத்தான் நெய்திருந்தாள். ஆனால் அது வெறும் பெயரா? போதும், போதும் என்று கத்தியிருந்தாள்.

நாஃபிஸ் வந்தான். அவன் எப்போதும் கம்பளத்தைப் பார்க்கமாட்டான், வாங்குகிறவன் முகத்தைத்தான் பார்ப்பான். "ஏதாவது குறை இருக்கா ஸாத்து அக்கா?"

முதுகு தெரியாமல் கம்பளத்தைப் புரட்டிப் போட்டேன். "குறையா? தங்கமாட்டம் இருக்கு" என்றேன். நான் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

லிண்ட்னர் வந்து வாங்கிப்போனார். ஒரு மூலையைப் புரட்டி, கண்ணாடியை வைத்து, விரல்நகம் அளவு இடத்தில் எத்தனை முடிச்சு என்று எண்ணினார். அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். நாய் குரைத்தால் எனக்குப் போலீசு என்று தோன்றும். யெதேர் மகளின் துணிகளைத் துவைத்து மடித்து ஒரு மூட்டையாகவே வைத்திருந்தாள். "என்னைக் கூட்டிட்டுப் போனா நீ இவளை டீச்சர் வீட்டுல விட்டுடு அக்கா" என்று நூறு தடவை சொல்லியிருப்பாள்.

வசந்தத்தில் லிண்ட்னர் வந்தார். கூட இரண்டு பேர், தேய்த்த கால்சட்டை, கையில் தட்டையான கறுப்புப் பை. போலீசுதான் என்று நினைத்தேன். தேநீர்த்தட்டோடு நின்றேன். நாஃபிஸுக்கும் முகம் செத்துவிட்டது. பையைத் திறந்தார்கள். உள்ளே தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் முழுக்க அந்த ஓரம் பெரிதாக அச்சாகியிருந்தது.

நாஃபிஸ் குனிந்து பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். அவனுக்கு எழுத்துத் தெரியும். கழுத்தில் நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். லிண்ட்னர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு படபடவென்று பேசினார். பேசப் பேச நாஃபிஸின் முகம் மாறியது. முதலில் புரியாமல் விழித்தான், பிறகு உதடு விரிந்தது. பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"ஸாத்து அக்கா, கேளுங்க! கவட்டை, சீப்பு, சுத்தியல், சீப்பு, பறவை. இது ஏதோ அழிஞ்சுபோன கூட்டத்தோட அடையாளமாம். கண்ணேறு படாம இருக்க நெய்ததாம். மூணு பண்டிதருங்க உக்காந்து எழுதியிருக்காங்களாம்!"

தன் பங்குக்கு அவனும் அவிழ்த்துவிட்டான். சீப்பு கல்யாணத்துக்கு, பறவை பிரிந்த உயிருக்கு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். கிணறு வெட்டப் பூதம் வந்த கதை கேட்டிருக்கிறேன். அன்று அந்தப் பூதமே எங்களை மறுபடி கிணற்றில் தள்ளி மூடியது.

எல்மாஸ் அப்போதுதான் புத்தகப்பையோடு முற்றத்தில் நுழைந்தாள். லிண்ட்னர் அவள் தலையைத் தடவிவிட்டு ஏதோ சொன்னார், வருத்தமாக. நாஃபிஸ் வேதவாக்குபோல மொழிபெயர்த்தான்: "எழுத்துப் படிச்ச கைக்கு அந்த வெகுளித்தனம் போயிடுமாம். பள்ளிக்கூடம் போன பொண்ணு நெய்தா அந்தத் தப்பு வராதாம்."

அவர்கள் போன பிறகு அவன் உள்ளே போனான். நானும் பின்னாலேயே போனேன், அடிப்பானோ என்று. அவன் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை.

"அண்ணி, உங்க பேரையே நெய்துட்டீங்க. என்னைத் தொலைச்சுக்கட்டப் பாத்தீங்க. பரவாயில்ல, நல்லதுக்குத்தான் ஆச்சு. இனிமே எல்லாக் கம்பளத்துலயும் அதைப் போடுங்க. ரெண்டு ஓரத்துலயும்."

யெதேர் என்னைப் பார்த்தாள். "ஒருத்தருக்குமா வாசிக்கத் தெரியல அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூனில் எல்மாஸ் பலகையில் உட்கார்ந்தாள். பரீட்சை எழுதித் தேறியிருந்தாள், அந்தக் காகிதம் ஷுக்ரானிடம் இருந்தது. இடப்பக்க ஓரம் அம்மாவுக்கு, வலப்பக்க ஓரம் மகளுக்கு. மூன்று வாரம் கழித்து நாஃபிஸ் வந்து பார்த்துவிட்டுக் கத்தின கத்து எங்கள் வீடுவரை கேட்டது. இடப்பக்கம் சீப்பின் பற்கள் ஒரு திசையில், வலப்பக்கம் வேறு திசையில். மகள் போட்ட எழுத்து நேர் எழுத்து. முதல் வகுப்புப் பிள்ளைகூட எட்டிப்பார்த்து வாசித்துவிடும்.

"என்னடி இது?"

"தெரியல சித்தப்பா. கை தானா அப்படிப் போகுது."

பிரிக்கச் சொன்னான். பிரித்து நெய்தாள். மறுபடி நேராகத்தான் வந்தது. கன்னத்தில் அறைந்தான். மூன்றாவது தடவையும் நேர். அதற்குள் ஆகஸ்ட் ஆகிவிட்டது, செப்டம்பரில் லிண்ட்னர் ஆட்களோடு வருகிறார், தறியில் அரைக் கம்பளம்கூட ஏறவில்லை.

அப்போது யெதேர் வாயைத் திறந்தாள். தலையை நிமிர்த்தாமல், முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள். "அவளை அடிச்சு என்ன பிரயோஜனம்? பெரியவர் அன்னைக்கே சொன்னாரே. எனக்கு எழுத்துத் தெரியாது, எனக்கு வருது. இவளை அஞ்சு வருஷம் பள்ளிக்கூடம் அனுப்பினது யாரு? நீங்கதான். கெட்டுப்போன கை, இனி தேறாது."

லிண்ட்னர் சொன்னது அவனுக்குக் கல்லில் வெட்டின எழுத்து. "போய்த் தொலையட்டும். சோறாவது மிச்சம். ஆனா ரெண்டு கை வேலையை ஒரு கை செய்யணும் அண்ணி. இவ போனப்புறம் நோவு, காய்ச்சல்னு ஒரு நாள் படுத்தாலும் நான் கோன்யாவுக்குப் போய் இவளை இழுத்துட்டு வந்துடுவேன்."

"படுக்கமாட்டேன்" என்றாள்.

அவன் போனதும் நான் எல்மாஸின் வீங்கின கன்னத்தைத் தடவினேன். "மூணு தடவை நெய்து, அடி வாங்கியும் உனக்குத் திருப்பி நெய்ய வரலியேடி, மக்கு."

யெதேர் சிரித்தாள். எத்தனையோ வருடம் கழித்து. "அவளா மக்கு? ரெண்டாவது நாளே கத்துக்கிட்டா அக்கா. நான்தான், நேரா நெய்டி, கொன்னாலும் நேரா நெய்யின்னேன்."

பள்ளிக்கூடக் காகிதத்தில் தாய் கையெழுத்துப் போட வேண்டும். ஷுக்ரான் அறைக்கே கொண்டுவந்தாள். யெதேர் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவைப் பிடித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. "கைநாட்டு வேண்டாம் டீச்சர், அவ கையெழுத்தே போடுவா" என்றேன். அவள் வலது ஓரத்தில் ஆரம்பித்து இடது பக்கமாக எழுதினாள். கவட்டை, பல் திரும்பின சீப்பு.

"அம்மா, திருப்பிப் போடுற" என்றாள் எல்மாஸ்.

எழுதினதை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். மறுபடியும் அப்படியே. பேனாவை வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெலில் கரியால் எழுதிக்காட்டிய ஐந்து எழுத்து, அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து, அதுவும் புரண்டுவிட்டது. ஷுக்ரான் மைப்பெட்டியைத் திறந்து வைத்தாள். யெதேர் கட்டைவிரலை ஊன்றினாள்.

கோன்யா பஸ் பள்ளிவாசல் எதிரில், நாஃபிஸ் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் நிற்கும். எல்மாஸ் கிளம்புகிற நாள் பார்த்து லிண்ட்னர் ஆறு பேரோடு வந்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். வழியனுப்ப யெதேர் எப்படி வருவாள், செத்து நூற்று நாற்பது வருடம் ஆனவள்? காலையிலேயே அறைக்குள் மகளுக்குத் தலைவாரி விட்டு, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டிக்கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அதற்கு முதல்நாள்கூடக் கெஞ்சினேன். "நீயும் ஏறிடு. பஸ் நகர்ந்தாச்சுன்னா அவன் என்ன செய்வான்?"

"ரெண்டு பேரும் போனா தேடிட்டு வருவான் அக்கா. ஒருத்தி இருந்தா இன்னொருத்தியை மறந்துடுவான்."

மூட்டையை மேலே ஏற்றினேன். எல்மாஸ் படியில் கால் வைத்தாள். அப்போது சுவருக்குள்ளிருந்து வந்தது, தொம், தொம், தொம் என்று. இரும்புச் சீப்பு. விருந்தாளி இருக்கும்போது பத்து வருடமாக ஒரு தடவைகூடக் கேட்காத சத்தம்.

முற்றத்தில் பேச்சு நின்றது. லிண்ட்னர் ஏதோ கேட்டார். நாஃபிஸின் குரல் உடைந்து, ஜெர்மனில் ஏதோ சொல்லிச் சமாளித்தது. பக்கத்து வீட்டில் கோதுமை குத்துகிறார்கள் என்றானாம். அப்புறம் சொன்னார்கள்.

"அத்தை, அம்மா" என்றாள் எல்மாஸ்.

"ஆமாடி, உங்கம்மாதான். நிக்காதே, ஏறு."

ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ் நகர்ந்தது. சத்தம் நிற்கவில்லை, இன்னும் பலமாக விழுந்தது. ஊர்க்கோடி வளைவில் டிரைவர் ஒரு ஹாரன் அடித்தான்.

அதைக் கேட்ட பிறகுதான் சீப்பு நின்றது. முற்றத்தில் இன்னும் விருந்தாளிகள் இருந்தார்கள்.